ஈபேயை விட்டு எங்கே போவது? விற்பனையாளர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஈபே என்ற இணைய ஏலத்தளத்தில் விற்பவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும்: "இதை விட்டால் வேறு எங்கே போகலாம்?" கட்டணம் ஏறும்போது கேட்பார்கள். விதி மாறும்போது கேட்பார்கள். கணக்கு திடீரென்று முடக்கப்பட்டால் இன்னும் கோபமாகக் கேட்பார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை; கேட்டவர்களில் பலர் இன்னமும் அங்கேயேதான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஏலத்தளம் என்ற அமைப்பே ஆளைப் பிடித்துவைக்கும் விதத்தில் இயங்குகிறது. அது எப்படி என்று தெரிந்தால்தான் எங்கே போகலாம், எதைக் கொண்டுபோகலாம் என்று முடிவெடுக்க முடியும்.

கொஞ்சம் பின்னணி. ஈபே 1995-இல் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிட்யார் தொடங்கியது. அப்போது அதன் பெயர் ஆக்‌ஷன்வெப். அங்கே முதலில் விற்ற பொருள் பழுதாகிப்போன ஒரு லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். எந்தப் பொருளுக்கும் எங்கோ ஒருவர் ஆசைப்படுவார், அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் அந்தத் தளத்தின் பலம். 1998-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே இதை முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் ஏராளமானார்கள்.

கசப்பும் கூடவே வளர்ந்தது. 2008 தொடக்கத்தில் நடந்தது ஒரு நல்ல உதாரணம். பொருளைப் பட்டியலிடும் கட்டணத்தை ஈபே குறைத்தது. ஆனால் விற்ற பிறகு எடுக்கும் கமிஷனை, விலையின் முதல் 25 டாலருக்கு 5.25 சதவீதத்திலிருந்து 8.75 சதவீதமாக உயர்த்தியது. அதோடு, வாங்கியவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையான மதிப்பீடு எழுதக் கூடாது என்றும் அறிவித்தது. வாங்குபவர் விற்பவரைக் குறை சொல்லலாம், பணம் கட்டாமல் இழுத்தடித்த வாங்குபவரை விற்பவர் குறை சொல்ல முடியாது. அந்த பிப்ரவரியில் 18-ஆம் தேதி முதல் ஒரு வாரம் பல விற்பனையாளர்கள் பொருள் போடாமல் புறக்கணித்தார்கள். ஈபே பின்வாங்கவில்லை. வாரம் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள்.

ஏன் திரும்பினார்கள்?

ஏலத்தில் விலை எப்படி உருவாகிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. ஒரு பழைய கேமராவை ஏலத்தில் விடுகிறீர்கள், தொடக்க விலை 10 டாலர். ஒருவர் அதற்கு 100 டாலர் வரை தரத் தயார். இன்னொருவர் 60 வரை, மூன்றாமவர் 40 வரை. என்ன விலைக்குப் போகும்? நூறுக்கு இல்லை. 60 டாலரைத் தாண்டியதும் இரண்டாமவர் விலகிவிடுவார்; முதலாமவர் 61-ஐ ஒட்டி வாங்கிவிடுவார். அதாவது விலையை முடிவு செய்வது ஜெயித்தவர் இல்லை, கடைசி வரை அவரோடு மோதித் தோற்றவர். அந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் அன்று வராமல் போனால், 100 டாலர் தரத் தயாராக இருந்தவரே உங்கள் கேமராவை 10 டாலருக்கு எடுத்துப் போய்விடுவார்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஏலத்துக்குக் கூட்டம் வேண்டும். அதுவும் ஒரே பொருள் மேல் ஆசை கொண்டவர்கள், ஒரே சில நாட்களுக்குள், ஒரே இடத்தில் வேண்டும். வாங்குபவர்கள் ஈபேக்கு வருவது அங்கே பொருள் குவிந்திருப்பதால். விற்பவர்கள் வருவது அங்கே வாங்குபவர்கள் குவிந்திருப்பதால். எந்தப் பக்கமும் தனியாகக் கிளம்ப முடியாது.

இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெனிஃபர் பிரவுன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், சேகரிப்பாளர்கள் விரும்பும் நாணயங்களில் ஒரே மாதிரியானவற்றை ஈபேயிலும் யாஹூ ஏலத்தளத்திலும் விற்றார்கள். 2009-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, ஈபேயில் கிடைத்த தொகை 20 முதல் 70 சதவீதம் வரை அதிகம். ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த ஆட்களும் சராசரியாக இரண்டு பேர் கூடுதல். நாணயம் ஒன்றுதான், விவரணை ஒன்றுதான். கூடுதலாக வந்த அந்த இரண்டு பேர்தான் வித்தியாசம்.

யாஹூ சும்மா இருக்கவில்லை. 2005-இல் அமெரிக்க ஏலத்தளத்தில் எல்லாக் கட்டணத்தையும் நீக்கிவிட்டது. பட்டியலிடவும் காசில்லை, விற்றாலும் கமிஷன் இல்லை. அப்படியும் கூட்டம் சேரவில்லை, 2007-இல் மூடிவிட்டார்கள். அமேசானும் 1999-இல் ஏலம் தொடங்கிப் பார்த்தது, அதுவும் நிலைக்கவில்லை. கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புதுத் தளத்துக்கு ஓடும் விற்பனையாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாஹூவின் கதைதான் நினைவுக்கு வரும்.

ஆனால் இதை வைத்து ஈபேயை யாரும் அசைக்க முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பானில் கதை நேர் எதிர். அங்கே யாஹூ 1999-இல் முதலில் வந்தது, ஈபே சில மாதங்கள் கழித்து 2000-இல் வந்தது. அதற்குள் கூட்டம் யாஹூவிடம் சேர்ந்திருந்தது. 2002-இல் ஈபே ஜப்பானை விட்டே கிளம்பியது. நியூசிலாந்தில் டிரேட் மீ, போலந்தில் அலெக்ரோ, இரண்டும் 1999-இல் தொடங்கியவை, தத்தம் நாட்டில் இதேபோல் முன்னால் நின்றன. சீனாவில் 2003-இல் வந்த தாவ்பாவ் விற்பவர்களிடம் கட்டணம் வாங்காமலே ஈபேயைப் பின்னுக்குத் தள்ளியது. அப்போது சீனாவில் ஆன்லைனில் வாங்கிப் பழகாத பெருங்கூட்டம் எந்தத் தளத்துக்கும் போகாமல் வெளியே இருந்தது. அதனால் அங்கே இலவசம் வேலை செய்தது. கூட்டம் ஏற்கெனவே ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்ட அமெரிக்காவில் அதே இலவசம் வேலை செய்யவில்லை.

பெயரும் கையோடு வராது

கூட்டத்துக்கு அடுத்தபடியாக ஆளைக் கட்டிப்போடுவது மதிப்பீடுகள். பல வருடம் உழைத்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான நல்ல மதிப்பீடுகள் ஒரு விற்பனையாளருக்குச் சொத்து மாதிரி. அதற்கு ரொக்கமாகவே மதிப்பு உண்டு. பால் ரெஸ்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல பெயர் எடுத்த ஓர் ஈபே விற்பனையாளர், பழைய தபால் அட்டைகளைத் தன் பெயரிலும், புதிதாகத் திறந்த கணக்குகளிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். புதுத் தளத்துக்குப் போனால் அந்த 8 சதவீதத்தையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

மதிப்பீட்டை எடுத்துப் போக முடியாதா? அமேசான் ஏலம் தொடங்கிய காலத்தில் அதற்கு வழி செய்து பார்த்தது. ஈபேயில் வாங்கிய மதிப்பீடுகளை விற்பவர்கள் இங்கே கொண்டுவரலாம் என்றது. அவை எங்கள் சொத்து என்று ஈபே கடுமையாக எதிர்த்தது, அமேசான் அந்த வசதியை நிறுத்திவிட்டது. அதேபோல், பல ஏலத்தளங்களை ஒரே தேடலில் காட்டிய பிடர்ஸ் எட்ஜ் என்ற தளத்தின் மீது ஈபே வழக்குப் போட்டு, 2000-இல் தடை உத்தரவு வாங்கியது. வாங்குபவர் ஒரே இடத்திலிருந்து எல்லாத் தளங்களையும் பார்க்க முடிந்திருந்தால் சின்னத் தளங்களுக்கும் ஆள் வந்திருக்கும். அந்தக் கதவு அப்போதே சாத்தப்பட்டது. விற்பவர் வருடக்கணக்கில் நேர்மையாக நடந்து சம்பாதித்த பெயர் தளத்துக்குச் சொந்தம் என்பது நியாயமில்லை என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

ஏலத்தை விட்டால் பிடி தளர்கிறது

இங்கேதான் நல்ல செய்தி. மேலே சொன்ன பிடி ஏலத்துக்குத்தான் இறுக்கமானது. நிலையான விலைக்கு விற்கும்போது உங்களுக்குக் கூட்டம் தேவையில்லை, ஒரே ஓர் ஆள் போதும். அவர் இன்றைக்கே வரவேண்டும் என்பதும் இல்லை. அடுத்த மாதம் வந்தாலும் அதே விலைக்குத்தான் வாங்குவார். சின்னத் தளத்தில் ஏலம் விட்டால் விலை சரியும். நிலையான விலைக்கு வைத்தால் விலை சரியாது, விற்கத்தான் நாள் ஆகும். இடம் அடைக்காத, கெட்டுப்போகாத, மவுசு குறையாத பொருள் என்றால் நாள் ஆவது பெரிய நஷ்டம் இல்லை.

ஈபேக்கு மாற்றாக வந்து நிலைத்தவற்றைக் கவனித்தால் இது தெரியும். எட்ஸி 2005-இல் கைவினைப் பொருட்களுக்கென்றே வந்தது. ஏப்புக்ஸ் 1996 முதல் பழைய புத்தகங்களுக்கு. டிஸ்காக்ஸ் இசைத்தட்டுகளுக்கு. சிகாகோவில் 2013-இல் தொடங்கிய ரிவெர்ப் இசைக்கருவிகளுக்கு. இவற்றில் நடப்பது பெரும்பாலும் நிலையான விலை வியாபாரம். எல்லாப் பொருளையும் விற்க இவை ஆசைப்படவில்லை. ஒரு பொருள்மேல் பித்துப் பிடித்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்தன, அவ்வளவுதான்.

டிஸ்காக்ஸ் எப்படிச் செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அது 2000-இல் தொடங்கியபோது கடையே இல்லை. எந்த இசைத்தட்டு எந்த வருடம், எந்த நாட்டில், எந்த நிறுவனத்தின் பெயரில் வந்தது, அதன் பின்பக்கம் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று ரசிகர்களே பதிவு செய்த பட்டியல்தான் அது. கடை பிறகுதான் வந்தது. இன்றைக்கு ஒரு தட்டை விற்க நினைப்பவர் அந்தப் பட்டியலில் அதே பதிப்பைத் தேடி எடுத்து, தட்டின் நிலையையும் விலையையும் போட்டால் வேலை முடிந்தது. அதே பதிப்பைத் தேடி அலைபவர் அதே பக்கத்துக்குத்தான் வந்து நிற்பார். பொதுத் தளத்தில் பத்து வரி விவரணை எழுதினாலும் இந்தத் துல்லியம் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு வரும் நூறு பேர், பொதுத் தளத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பத்தாயிரம் பேரைவிட உங்களுக்கு மதிப்பானவர்கள்.

ஏலமாகவே நிலைத்த மாற்றுத் தளங்களும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தனிக் காரணம் இருக்கும். 1999-இல் ஈபே துப்பாக்கி விற்பனைக்குத் தடை போட்டது. விற்றவர், வாங்கியவர் இருவருமே ஒன்றாக வெளியே தள்ளப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு அமெரிக்காவில் கன்புரோக்கர் தளம் வளர்ந்தது. இரு பக்கமும் சேர்ந்து நகர்ந்தால் கூட்டம் நகரும். 2008 புறக்கணிப்பில் நகர்ந்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

கையில் நிற்பது எவ்வளவு?

சரி, கணக்குக்கு வருவோம். கட்டண விகிதத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பார்க்க வேண்டியது ஒரு பொருளுக்குக் கடைசியில் கையில் நிற்கும் தொகை.

15 டாலருக்கு வாங்கிய ஒரு பொருள் ஈபேயில் 40 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் செலவாக வாங்குபவரிடம் 6 டாலர். விற்பனை வரி ஒரு 3 டாலர்; அது உங்கள் கைக்கு வராது. ஆனால் ஈபே தன் கமிஷனைத் தபாலும் வரியும் சேர்ந்த மொத்தத்தின் மீதுதான் கணக்கிடும், பலர் கவனிக்காத இடம் இது. அமெரிக்காவில் பெரும்பாலான பிரிவுகளில் அது 13 சதவீதத்துக்குச் சற்று மேல். 13 என்றே வைத்து, 49 டாலருக்குப் போட்டால் 6.37. ஆர்டருக்கான தனிக் கட்டணம் 40 சென்ட். மொத்தம் 6.77. உங்களுக்கு வந்த 46 டாலரில் இதைக் கழித்து, தபாலுக்கு 6, பெட்டி, டேப் வகையறாவுக்கு 1, பொருளின் விலை 15 எல்லாம் போக நிற்பது 17.23 டாலர்.

இப்போது எல்லாம் சேர்த்து 5 சதவீதம் மட்டுமே எடுக்கும் ஒரு சின்னத் தளம். அங்கே ஆள் குறைவாக வந்ததால் ஏலம் 32 டாலரில் நின்றுவிட்டது. தபாலோடு 38. கமிஷன் வெறும் 1.90. மற்ற செலவுகள் அதேதான். கையில் நிற்பது 14.10 டாலர். கட்டணம் பாதிக்கும் குறைவு, லாபமும் குறைவு. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், சின்னத் தளத்தில் விலை சுமார் 35.30 டாலருக்குக் கீழே இறங்காதவரை அங்கே விற்பதுதான் லாபம் என்று வரும். அதாவது விலை 12 சதவீதம் வரை குறையலாம். யாஹூவுக்கும் ஈபேக்கும் இருந்த இடைவெளி அதைவிட அதிகம். ஆனால் நிலையான விலையில், உங்கள் பொருளுக்கென்றே இருக்கும் தளத்தில், விலை குறையவே குறையாது என்றால் அந்த 5 சதவீதத் தளம் நிச்சயம் ஜெயிக்கும். உங்கள் பொருளுக்கு உங்கள் எண்களைப் போட்டு இதைச் செய்து பாருங்கள். ஒரு தாள் போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இன்றைய புகலிடம் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எட்ஸியின் கமிஷன் 3.5 சதவீதமாக இருந்தது. 2018-இல் 5 ஆனது, 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அந்த மாதம் எட்ஸி விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடைகளை மூடிப் போராடினார்கள். ஈபேயை விட்டு வந்தவர்கள் பலர் அதில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. கூட்டம் சேர்ந்த தளம் கட்டணம் ஏற்றும். அது பெரிதாகும்போது நடக்கிற காரியம்தான்.

அப்படியென்றால் சொந்தத் தளமே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற இணையக் கடை மென்பொருட்களால் கடை திறப்பது இன்று சுலபம். ஆனால் அங்கே கூட்டம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விளம்பரத்துக்கோ எழுதி ஆள் சேர்ப்பதற்கோ ஆகும் செலவு கமிஷனைவிட அதிகமாகப் போவதும் உண்டு. ஒரே வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வாங்கும் சரக்கு, உதாரணமாகத் தையல் நூல், மணிகள், உதிரிபாகங்கள் என்றால் சொந்தத் தளம் பலன் தரும். ஒருவர் வாழ்நாளில் ஒரு முறை வாங்கும் பொருள் என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஈபேயில் கிடைத்த வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே அழைத்துப்போய் விற்பதற்கு அங்கே தடை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம், கணக்கே போய்விடும்.

இரண்டு இடத்தில் கால் வைப்பது

பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் சரிப்படுவது, ஒரேயடியாக விலகாமல் சரக்கைப் பிரிப்பது. அரிதான, விலை சொல்லத் தெரியாத, பலர் போட்டி போடக்கூடிய பொருளைப் பெரிய தளத்தில் ஏலம் விடுங்கள். அதற்குக் கூட்டம் வேண்டும், கமிஷன் கொடுத்தாலும் தகும். விலை தெரிந்த, வழக்கமாக நகரும் சரக்கை அதற்குரிய சிறப்புத் தளத்தில் நிலையான விலைக்கு வையுங்கள். அங்கே மெல்ல மெல்ல உங்கள் பெயரும் சேரும்.

ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பொருளை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் போடுவதில் கவனம் வேண்டும். ஓரிடத்தில் விற்றதும் மற்ற இடத்தில் உடனே எடுக்காவிட்டால், இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிட்டு ஒருவருக்கு இல்லை என்று சொல்ல நேரும். ஈபே அதை உங்கள் கணக்கில் குறையாகப் பதிந்துகொள்ளும். இருப்பை எல்லாத் தளத்திலும் தானாகவே குறைக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. ஏலத்தில் இருக்கும் பொருளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேறு இடத்தில் போடாதீர்கள்.

மாற்றுத் தளங்கள் வலுப்பட்டால் அங்கே போகாதவர்களுக்கும் நன்மை கிடைக்கும். லிதுவேனியாவில் 2008-இல் தொடங்கிய வின்டெட், பழைய துணி விற்பவரிடம் கமிஷன் வாங்காமல், வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்கியது. ஐரோப்பாவில் அது வேகமாகப் பரவியது. ஈபே 2023-இல் ஜெர்மனியிலும், 2024 அக்டோபரில் பிரிட்டனிலும் தனிநபர் விற்பனையாளர்களுக்கான கமிஷனை எடுத்துவிட்டது. பிரிட்டனில் அடுத்த வருடம் வாங்குபவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. தொழிலாக விற்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இருந்தாலும், ஒரு வாரப் புறக்கணிப்புக்கு அசையாத நிறுவனம், ஆள் போக நிஜமாகவே ஓர் இடம் வந்ததும் அசைந்தது.

ஒரு தளத்தில் கணக்குத் திறப்பதற்கு முன்னால், வாங்குபவராக உள்ளே போய்ப் பாருங்கள். எத்தனை லட்சம் பொருட்கள் பட்டியலில் இருக்கின்றன என்று முகப்பில் போட்டிருப்பார்கள். அது விற்பவர்களின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. நீங்கள் விற்கும் அதே வகைப் பொருளைத் தேடுங்கள். விற்று முடிந்தவற்றைக் காட்டும் வசதி இருந்தால் அதைத் திறந்து, என்ன விலைக்குப் போயிருக்கிறது, கடைசியாக எப்போது போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால், அந்த வகையில் முன்னணியில் இருக்கும் நாலைந்து விற்பனையாளர்களின் மதிப்பீட்டுப் பக்கத்துக்குப் போங்கள். போன வாரம் யாராவது நன்றி எழுதியிருக்கிறார்களா, போன வருடத்தோடு நின்றுவிட்டதா என்பது அங்கே தேதியோடு இருக்கும்.